மூன்றாவது புகை

இரண்டு புகை இருக்க வேண்டிய இடத்தில் மூன்று புகை இருந்தது.

ஐல்சா எண்ணும்கல்லில் கையை ஊன்றி, மூச்சு அடங்கும்வரை நின்று, மறுபடியும் எண்ணினாள். கிளாஸ்கோ பஸ் இறக்கிவிட்ட சாலையிலிருந்து இரண்டு மைல், முக்கால்வாசி ஏற்றம். இந்தக் கல்லுக்கு வந்ததும் ஆக்கன்பிரேக்காரர்கள் முதுகுப் பையைக் கூட இறக்காமல் செய்கிற வேலை இது. கீழே ஆக்கன்பிரே பள்ளத்தில் பிர்ச் மரங்களுக்கு நடுவே சிதறிக் கிடக்கும் நூறு குடில்களில் இன்று எத்தனை புகைகின்றன என்று எண்ணுவார்கள். கோடையில் எண்ணி முடிக்கவே ஐந்து நிமிடம் ஆகும். டிசம்பர் மாதத்துப் புதன்கிழமையில் எண்ண இரண்டு விரலே போதும். குழாயடிக்குப் பக்கத்தில் பெக்கியின் புகை. ஓடைக்கு அந்தப் பக்கம் ரென்னியின் புகை.

மூன்றாவது, எல்லாவற்றுக்கும் தள்ளி, பள்ளத்தின் கடைசியில், காற்றில்லாத வானத்தில் மெல்லிசாக நேராக ஏறிக்கொண்டிருந்தது. அது அவளுடைய அப்பாவின் குடில். பூட்டி ஒரு வருஷம் ஆகிறது. சாவி அவள் கோட்டுப் பையில் இருந்தது.

பள்ளத்தில் கம்பி இல்லை, மின்சாரம் இல்லை. போனை இந்தக் கல்லின் மேல் ஏறி நின்று தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தால் ஒரு கோடு சிக்னல் வரும், கீழே இறங்கினால் அதுவும் போய்விடும். கப்பல் பட்டறையிலும் நூல் ஆலையிலும் காது புளித்துப் போன ஜனங்கள் வாரம் ஒரு நாளாவது சத்தமில்லாமல் கிடக்கலாம் என்று நூறு வருஷத்துக்கு முன்னால் பலகையும் தகரமும் சுமந்து வந்து கட்டிய இடம். அதனால் அவர்களுக்குள் ஒரே ஒரு வழக்கம்தான் சட்டம் மாதிரி நின்றது. புகை வந்தால் ஆள் நன்றாக இருக்கிறார், தொந்தரவு செய்யாதே. ஆள் இருக்கிறார் என்று தெரிந்தும் காலை ஒன்பது மணிக்குப் புகை வரவில்லை என்றால் போய்ப் பார். புகைகிற வீட்டுக் கதவை ஆக்கன்பிரேயில் யாரும் தட்டியதில்லை.

யாரோ தெரிந்தவர்கள் பற்ற வைத்திருப்பார்கள், அவ்வளவுதான் என்று ஐல்சா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நாற்பத்து நான்கு வயது. பத்தொன்பது வருஷமாக நகரத்தில் பஸ் ஓட்டுகிறவள், குடிகாரர்களையும் பனிச்சறுக்கலையும் சமாளித்துப் பழகியவள். ஒரு புகையைப் பார்த்தா பயப்படுவாள்? பையைத் தோளில் சரிசெய்துகொண்டு இறங்கினாள்.

குழாயடியில் பெக்கி குனிந்து, குழாய் உறைந்து வெடிக்காமலிருக்க அதற்குக் கிழிந்த சாக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தாள். எழுபதை நெருங்குகிற, வாய் ஓயாத மனுஷி. பக்கத்தில் ஊருக்குக் கிளம்பத் தயாராக அவளுடைய கட்டம்போட்ட பை.

"அடியே ஐல்சா! அடுப்ப இப்படிப் பொகைய விட்டுட்டு எங்கடி ஊர் சுத்திட்டு வர்ற?"

"நான் இப்பதான் வர்றேன் பெக்கி அக்கா. பன்னெண்டே கால் பஸ்ஸுல."

"போடி. பத்து மணிலேர்ந்து உன் பொகக்குழா பொகஞ்சுக்கிட்டு இருக்கு. ரென்னிகிட்டகூட எழுதிக் காட்டிட்டேன், மகாராணி வந்து எறங்கியாச்சு, நீ அந்தப் பக்கம் தலைகாட்டாதய்யான்னு."

ஐல்சா கையுறையைக் கழற்றி மறுபடி மாட்டினாள். "உங்க வீட்டுக்காரர் பத்த வச்சிருப்பாரா?"

"எங்காளா? அந்த மனுஷனுக்கு எங்க வீட்டு அடுப்பப் பத்த வைக்கவே ஒரு தீப்பெட்டி பத்தாது. அதோட முட்டிய புடிச்சுக்கிட்டு போன வாரத்துலேர்ந்து ஊர்ல கெடக்குது."

"அப்ப ரென்னி மாமாவாதான் இருக்கும்."

பெக்கி சாக்கின் முடிச்சை இறுக்குவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். "சாவு வீட்டுல அத்தன பேருக்கு முன்னாடி நீ அவரப் பேசின பேச்சுக்கு அப்புறமா? உன் வேலியத் தாண்ட வேணாம்னு மனுஷன் தண்ணிக்கே ஓடைய சுத்திக்கிட்டு வர்றாரு. காது மெஷினக் கழட்டி பிஸ்கட் டப்பாவுல போட்டு மூடிட்டாரு. இனிமே கேக்க வேண்டியது எதுவும் இல்லங்கறாரு. இப்ப அவர் காதுகிட்ட பீரங்கி வெடிச்சாலும் திரும்பமாட்டாரு."

ஐல்சா பையின் வாரை இறுக்கினாள். போன வாரம் போனில் பெக்கியிடம் அவளே சொல்லியிருந்தாள். சாமான்களை எடுக்க வருகிறேன், என் புகைக்குழாயில் புகையைப் பார்த்தால் அந்த ஆளை என் வாசல் பக்கம் வராமல் பார்த்துக்கொள், அவர் முகத்தில் விழிக்கக்கூட எனக்கு இஷ்டமில்லை என்று. குரலைத் தாழ்த்தாமல் சொன்னதுதான்.

"சரி விடு," என்றாள் பெக்கி, மனசு இளகி. "யார் பத்த வச்சா என்ன, உள்ள சூடா இருக்கும்ல. போய் டீ போட்டுக் குடி. நான் ரெண்டே முக்கால் பஸ்ஸப் புடிச்சாவணும். சனிக்கிழம பாப்போம்."

கட்டம்போட்ட பை மேட்டில் ஏறி மறைகிறவரை ஐல்சா குழாயடியில் நின்றாள். அவளும் கூடவே திரும்பிப் போயிருக்கலாம். அந்த எண்ணம் வந்தது. வந்ததற்காக வெட்கப்பட்டு, பள்ளத்தின் கடைசியை நோக்கி நடந்தாள்.

போன வருஷம் இதே மாதம். அப்பா இங்கே தனியாகக் குளிர்காலத்தைக் கழித்துக்கொண்டிருந்தார். சனிக்கிழமை வருவதாகச் சொன்னவள், கூடுதல் டூட்டி கிடைத்ததால் வரவில்லை. திங்கட்கிழமை மனசு கேட்காமல் ரென்னிக்கு போன் போட்டாள். அவர் தினம் பத்து மணிக்கு எண்ணும்கல்லுக்கு ஏறி, நகரத்தில் இருக்கிற தங்கையோடு பேசுவார். "நேத்தும் பொகை வந்துச்சு, இன்னிக்கும் வருது கண்ணு. உங்கப்பன் நீ வரலன்னு மொகத்தத் தூக்கி வச்சுக்கிட்டு உக்காந்திருக்கான்," என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை நம்பி அவளும் பேசாமல் இருந்துவிட்டாள். புதன்கிழமை அவளே லீவு போட்டு வந்து கதவைத் திறந்தபோது அப்பா தரையில் கிடந்தார். இடுப்பெலும்பு முறிந்திருந்தது. விழுந்தது சனிக்கிழமை என்றும், இரண்டு நாள் உயிரோடு கிடந்திருக்கிறார் என்றும், குளிர்தான் கொன்றது என்றும் டாக்டர் சொன்னார். வாளி நிறையக் கரி தொடப்படாமல் இருந்தது. அடுப்புச் சாம்பல் கல்லாக இறுகியிருந்தது. நாலு நாளாக அதில் நெருப்பே இல்லை.

ரென்னி மட்டும் நாலு நாளும் புகையைப் பார்த்ததாகச் சத்தியம் செய்தார். நடக்கச் சோம்பல்பட்டுப் பொய் சொல்கிறீர்கள், என் அப்பாவைக் கொன்றது நீங்கள்தான் என்று ஐல்சா சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று கத்தினாள். அறுபது வருஷ சிநேகிதனைப் புதைக்க வந்த மனுஷர் தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றார். அந்தக் கோபத்தை வைத்துத்தான் அவள் ஒரு வருஷத்தை ஓட்டினாள். அது இல்லையென்றால் கூடுதல் டூட்டிக்குப் போன தன்னையல்லவா திட்டிக்கொள்ள வேண்டியிருக்கும்.

கடைசி வளைவுக்கு வந்தபோது மணி ஒன்றரை. சூரியன் மலையின் தோளில் ஒட்டிக்கொண்டு, இப்போதோ அப்போதோ என்று இருந்தது. வழியெல்லாம் பெக்கி வீட்டுக் கரிப்புகையின் காரம் மூக்கில் இருந்தது, அது விட்டதும் ஓடைப்பக்கமிருந்து ரென்னி எரிக்கிற பிர்ச் கட்டையின் இனிப்பு வாசனை வந்தது, அதுவும் விட்டது. அப்பாவின் வேலிக் கதவருகே, தலைக்கு மேலே புகை ஏறிக்கொண்டிருக்கிற இடத்தில், உறைந்த மண்ணின் வாசனையும் அவளுடைய கம்பளிக் கழுத்துத்துணியின் வாசனையும் தவிர வேறெதுவும் இல்லை.

அவள் ஆழமாக மூச்சை இழுத்துப் பார்த்தாள். புகை வாசனை இல்லை.

வேலிக் கதவு மேட்டிலும் குடில் பள்ளத்திலுமாக இருக்கும். மேலே நின்று பார்த்தால் கூரை முழுக்கத் தெரியும். அடுப்பு எரிகிற வீட்டில் புகைக்குழாயைச் சுற்றி ஒரு வட்டம் ஈரமாகக் கறுத்திருக்க வேண்டும். இங்கே தகரக் கூரை ஓரத்திலிருந்து குழாயின் அடிவரை உறைபனி உப்பு பூத்த மாதிரி வெள்ளையாகப் படிந்திருந்தது. குழாயின் மேலும் படிந்திருந்தது. அதன் வாயிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. வேலியிலிருந்து வாசல்வரை புல்லும் அப்படியே வெள்ளை. ஒரு காலடி இல்லை.

பூட்டு துருப்பிடித்துத் திறக்க மறுத்தது. இரண்டு கையாலும் திருகித் திறந்தாள்.

உள்ளே வெளியை விடக் குளிராக இருந்தது. அப்பாவின் ஒற்றைக் கட்டில், மடித்து வைத்த போர்வை, ஆணியில் மழைக்கோட்டு, மேசை மேல் கவிழ்த்து வைத்த கோப்பை. ஒதுக்கிப்போட்ட டிராம் வண்டியிலிருந்து கழற்றி வந்து சுவரில் பதித்த அந்த அகல ஜன்னல், பாதி திரை மூடியிருந்தது. அப்பாவுக்கு அதில் அத்தனை பெருமை. கிளாஸ்கோவில் பாதி ஜனம் இந்தக் கண்ணாடி வழியாகத்தான் வேலைக்குப் போச்சு என்பார். ஈரப் பலகையும் பழைய மண்ணெண்ணெயும் கலந்த மணம். கதவைச் சாத்திவிட்டு, கையுறையைக் கழற்றி, ஐல்சா அடுப்பின் மேல் உள்ளங்கையை வைத்தாள்.

இரும்பு சுட்டது. சூட்டினால் அல்ல. வெடுக்கென்று கையை எடுத்தபோது தோல் ஒட்டிக்கொண்டு வந்தது.

அடுப்பின் சின்னக் கதவைத் திறந்து பார்த்தாள். சாம்பல். போன வருஷத்துச் சாம்பல், அப்படியே, இறுகி. அதன் மேல் ஒரு சுள்ளி இல்லை, ஒரு பொறி இல்லை.

வெளியே ஓடினாள். கூரைக்கு மேலே புகை. உள்ளே வந்தாள். சாம்பல். மறுபடி வெளியே, மறுபடி உள்ளே. பைத்தியக்காரி மாதிரி நாலு தடவை. பக்கத்தில் யாராவது இருந்தால் சிரித்திருப்பார்கள், அவளுக்கே ஒரு சிரிப்பு வந்தது, வந்த சிரிப்பு தொண்டையில் பாதியில் நின்றது. ஏனென்றால் அப்போதுதான் அந்தச் சத்தம் அவளுக்கு உறைத்தது. உள்ளே நுழைந்ததிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த சத்தம், குழந்தையாக இருந்தபோதிலிருந்து ஆயிரம் தடவை கேட்டதாலேயே கவனிக்காமல் விட்ட சத்தம். நன்றாகப் பிடித்து எரிகிற அடுப்பு, குழாய் வழியாகக் காற்றை இழுக்கும்போது வருகிற, தாழ்ந்த, இடைவிடாத ஹூ.

அவள் குனிந்தாள். நெற்றியில் விழுந்த முடி ஒன்று மெல்ல எழுந்து அடுப்பின் வாய்ப்பக்கம் நீண்டது. குளிர்ந்த அடுப்பு காற்றை இழுத்துக்கொண்டிருந்தது.

குழாய்க்குள் ஏதாவது கனன்றுகொண்டிருக்கும். ஆமாம். காக்கை குழாயில் கூடு கட்டி, அந்தச் சருகு எப்படியோ பற்றி, மேலே மட்டும் புகைந்துகொண்டிருக்கும். அப்படித்தான் இருக்க வேண்டும். ஏனென்றால் அப்படி இல்லையென்றால், இந்தச் செத்த அடுப்பு தானாகவே புகை விடும் என்றால், ரென்னி பார்த்தது நிஜம். நாலு நாளும் பார்த்திருக்கிறார். ஒரு கிழவரை ஊர் முன்னால் கொலைகாரர் என்று சொன்னது அநியாயம். அதை அவளால் தாங்க முடியாது. குழாய் மேலே எங்கேயாவது சுடுகிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டால் போதும்.

அப்பாவின் முக்காலியை அடுப்பருகே இழுத்துப் போட்டு ஏறினாள். கூரையைத் துளைத்துக்கொண்டு போகிற இடத்தில் குழாயை எட்டிப் பிடித்தாள். பனிக்கட்டி. சுற்றிலும் தடவினாள். எல்லாப் பக்கமும் பனிக்கட்டி. ஆனால் விரல்களுக்குக் கீழே, தகரத்துக்கு உள்ளே, ஏதோ மேலே போய்க்கொண்டிருப்பது தெரிந்தது. தொண்டையில் கைவைத்தால் விழுங்குவது தெரியுமே, அந்த மாதிரி.

ஹூ சத்தம் நின்றது.

முழுசாக நின்றது. வெளியே ஓடை ஓடுகிற சத்தம்கூட இல்லை. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

பிறகு அடுப்பு மூச்சை விட்டது. மெதுவாக. நீளமாக. அவளுடைய இரண்டு கணுக்கால்களையும் சுற்றிக்கொண்டு, கால்சட்டைக்கு உள்ளே ஏறி, ஈரமாக.

அவள் காலை உதறினாள். முக்காலி போனது.

விழுந்தபோது வலி இல்லை, ஒரு சத்தம்தான், காய்ந்த கட்டையை முட்டியில் வைத்து ஒடிக்கிற சத்தம். அது வெளியிலிருந்து வந்ததாக அவள் முதலில் நினைத்தாள். எழுந்திருக்கப் பார்த்தபோதுதான் வலி வந்தது, கண்ணுக்கு முன்னால் அறை வெள்ளையாகிப் பிறகு திரும்பி வந்தது. வலது இடுப்பிலிருந்து கீழே கால் அவள் சொன்னபடி கேட்கவில்லை, பாதம் வெளிப்பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. அடுப்புக்கும் கட்டிலுக்கும் நடுவே கிடந்தாள். இந்த இடம். இந்தப் பலகைகள். அப்பாவையும் இதே மாதிரித்தான், கதவுப்பக்கம் தலை வைத்து...

போன் பையில் இருந்தது. எடுத்தாள். சிக்னல் இல்லை என்று தெரிந்தும் எண்களை அழுத்தினாள். மறுபடி அழுத்தினாள். பிறகு கத்தினாள். பெக்கியின் பெயரைச் சொல்லி, ரென்னியின் பெயரைச் சொல்லி, கடைசியில் வெட்கமில்லாமல் அப்பாவைக் கூப்பிட்டு. பெக்கி எப்போதோ மேட்டைத் தாண்டியிருப்பாள். கதவுவரை ஆறடி. ஒரு முழம் நகர்வதற்குள் மயக்கம் வந்து, கண் திறந்தபோது ஜன்னலில் வெளிச்சம் சாம்பல் நிறமாகியிருந்தது. மணி மூன்றரை. உதடு மரத்துப்போயிருந்தது. அவள் விடுகிற மூச்சு முகத்துக்கு நேராக வெள்ளையாக எழுந்து கலைந்தது.

அடுப்பு மறுபடியும் இழுக்க ஆரம்பித்திருந்தது. அமைதியாக, ஒரே சீராக. கூரைக்கு மேலே என்ன நடக்கிறது என்று பார்க்காமலே அவளுக்குத் தெரிந்தது. நேராக, மெல்லிசாக. நான் நன்றாக இருக்கிறேன், தொந்தரவு செய்யாதே.

அப்பாவும் இப்படிக் கிடந்துகொண்டு கத்தியிருப்பார். இரண்டு நாள். ரென்னி அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் கூரைக்கு மேலே பார்த்துவிட்டு, சரி, நன்றாக இருக்கிறான் என்று போயிருப்பார். அதை நினைத்ததும் ஐல்சாவுக்கு வலியையும் மீறி அழுகை வந்தது. ஒரு வருஷமாக வராத அழுகை. ரென்னி மாமா பொய் சொல்லவில்லை. யாரிடமாவது இதைச் சொல்ல வேண்டும். இங்கிருந்து உயிரோடு போய் அந்த மனுஷரின் கையைப் பிடித்துக்கொண்டு இதைச் சொல்ல வேண்டும்.

வேலிக் கதவு கிறீச்சிட்டது.

அவள் தலையைத் திருப்பினாள். டிராம் ஜன்னல் தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் தொடங்கும். திரை மூடாத பாதியில், மேட்டின் மேல், மங்கலில், ஒரு உருவம். தொப்பி, கறுப்புக் கோட்டு, ஒரு கையில் தண்ணீர் வாளி. ரென்னி. ஓடையைச் சுற்றிப் போகாமல் இந்த வழியாக வந்திருக்கிறார். இன்னொரு கையில் காகிதப் பொட்டலம்.

"மாமா!" என்று கத்தினாள். "ரென்னி மாமா! உள்ள வாங்க! விழுந்துட்டேன்! மாமா!"

அவர் வேலிக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். காது கேட்காதவர்களுக்குக் குரல் பெரிது. பலகைச் சுவர் அதை அப்படியே உள்ளே விட்டது.

"ஐல்சா கண்ணு! பயப்படாத, நான் உள்ள வரமாட்டேன். பெக்கி சொன்னா, நீ வேணாம்னு சொன்னியாமே. நியாயந்தான். மாவுக்குள்ள கறி வச்சு பை சுட்டேன், ஒண்ணு உனக்கு. கம்பத்துல மாட்டிட்டுப் போறேன், சூடா இருக்கும்போதே எடுத்துக்க."

கை எட்டிய இடத்தில் கரி கிளறும் இரும்புக் கம்பி கிடந்தது. அதை எடுத்து அடுப்பின் மேல் அடித்தாள். அறை அதிர்ந்தது. மறுபடி அடித்தாள். மறுபடி. மறுபடி.

ரென்னி பொட்டலத்தைக் கம்பத்தில் மாட்டி, விழாமலிருக்கக் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"ஒரே ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிடறேன்," என்றார் கயிற்றைப் பார்த்தபடி. "அன்னிக்கு நான் பாத்தேன் கண்ணு. நாலு நாளும் பாத்தேன். உங்கப்பன் எனக்குக் கூடப்பொறக்காத பொறப்பு. அவன் விஷயத்துல பொய் சொல்லுவனா நான்? நீ நம்ப வேணாம். நான் சொல்லிட்டேன்னு இருக்கட்டும்."

"நம்பறேன்!" என்று அலறினாள். குரல் கிழிந்தது. "நம்பறேன் மாமா! பாத்தேன், நானும் பாத்தேன்! கதவத் திறங்க!"

அவர் நிமிர்ந்து கூரைக்கு மேலே பார்த்தார். அண்ணாந்த முகத்தில் கடைசி வெளிச்சம் விழுந்தது. சுருங்கிய, தூங்காத முகம். புகையைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார். உள்ளேயிருந்து ஏதாவது ஒரு அசைவு வருமா என்று கொஞ்ச நேரம் காத்து நின்றார். அவள் கம்பியை ஜன்னலை நோக்கி எறிந்தாள். தோளில் பலமில்லை. அது கட்டில் காலில் பட்டு உருண்டது.

ரென்னி வாளியை எடுத்துக்கொண்டு திரும்பினார்.

அப்போது தரைப்பலகை ஒன்று முனகியது.

அவளுக்குப் பக்கத்தில் இல்லை. ஜன்னல் ஓரத்தில். யாரோ கால் மாற்றி நிற்கிற முனகல்.

அங்கே யாருமில்லை. பாதித் திரை. கண்ணாடி. அவ்வளவுதான்.

திரை நகர்ந்தது. வளையங்கள் ஒவ்வொன்றாகக் கம்பியில் உரசின. ஒரு முழம். இரண்டு முழம்.

அடுப்பு இழுப்பதை நிறுத்தியிருந்தது. எப்போது நிறுத்தியது? தெரியவில்லை.

கண்ணாடியில், ஒரு ஆள் நின்றால் முகம் வருகிற உயரத்தில், வட்டமாக ஆவி படிந்தது. கலைந்தது. மறுபடி படிந்தது.

ஐல்சா வாயைப் பொத்திக்கொண்டாள்.

மேட்டில் ரென்னி நின்றிருந்தார். எதனால் திரும்பினாரோ, திரும்பி இந்த ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய முகம் மெதுவாக மாறியது. முதலில் நம்பாமல் கண்ணைச் சுருக்கினார். பிறகு உதடு நடுங்கியது. வாளியைக் கீழே வைத்தார். தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டு, இன்னொரு கையை உயர்த்தி, யாரோ கையாட்டியதற்குப் பதிலாக ஆட்டினார். சிரித்துக்கொண்டும் அழுதுகொண்டும் ஆட்டினார்.

"போதும் கண்ணு," என்றார். "இது போதும் எனக்கு. நீ குளிர்ல நிக்காத, போய் அடுப்புகிட்ட உக்காரு. நான் தொந்தரவு பண்ணல. பொகை வர்றவரைக்கும் யாரும் உன்னத் தொந்தரவு பண்ணாம நான் பாத்துக்கறேன்."

தொப்பியை மாட்டிக்கொண்டு, வாளியை எடுத்து, ஒரு வருஷமாக இல்லாத வேகத்தோடு நடந்தார். தண்ணீர் தளும்பித் தகரத்தில் மோதுகிற சத்தம் சிறிதாகி, ஓடைப்பக்கம் போய், இல்லாமல் போனது.

அவள் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் அந்தக் கண்ணாடியோரம் இருப்பது கேட்கும்.

அறை இருட்டியது. ஜன்னல் மட்டும் வெளிர் நீலமாக நின்றது. அதில் ஆவி படிந்தது. கலைந்தது. படிந்தது. கலைந்தது. ரென்னி போன வழியையே பார்த்துக்கொண்டு, அவசரமே இல்லாமல்.

அவள் மூச்சை அடக்கினாள். தன்னுடைய வெள்ளை மூச்சு அந்த இருட்டில் தெரியக்கூடாது. பத்து. இருபது. முப்பது வரை எண்ணினாள். நெஞ்சு வெடித்தது. அடக்க முடியாமல் விட்டாள்.

பலகை மறுபடியும் முனகியது.

கண்ணாடியில் கடைசியாகப் படிந்திருந்த ஆவி ஓரங்களிலிருந்து சுருங்கி மறைந்தது. அடுத்த மூச்சு கண்ணாடியில் விழவில்லை. அறைக்குள், ஆள் உயரத்தில், அவளைப் பார்த்து வெள்ளையாக நீண்டது. அதற்கடுத்தது இன்னும் கொஞ்சம் தாழ்வாக, இன்னும் கொஞ்சம் கிட்டத்தில்.